ஊர்ந்து போக வெட்கப்பட்ட கீரி

பதினொரு முட்டைகளைச் சுற்றி வளைத்துக்கொண்டு ஒரு சாரைப்பாம்பு படுத்திருந்தது. கண்மாய்க் கரையில் இருந்த பழைய மடைக்கு அடியில், இரண்டு கருங்கற்களுக்கு நடுவே உள்ள இடுக்குதான் அதன் வீடு. வாசல் ஒரு சாண் அகலம், நாலு விரல் உயரம். யாராக இருந்தாலும் வயிறு தரையில் தேய ஊர்ந்துதான் உள்ளே வர வேண்டும்.

சாரைக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. அதற்கு வேறு மாதிரி நடக்கத் தெரியாது.

முட்டை பொரிய இன்னும் பத்து நாள் இருந்தது. பத்து நாளும் யார் கண்ணிலும் படாமல் கழிந்தால் போதும் என்று சாரை நினைத்துக்கொண்டிருந்தது. ஆனால் அன்று காலையில் வாசலில் ஒரு மூக்கு தெரிந்தது.

"முட்டை வாசனை வருதே!" என்றது மூக்கு.

மூக்குக்குப் பின்னால் கீரி இருந்தது.

சாரை தொண்டையைப் புடைத்துக்கொண்டு உறுமியது. "வெளியே போடா!"

"கோவிச்சுக்காதீங்க அக்கா. எத்தனை முட்டை? எட்டா, பத்தா?"

"ஒண்ணும் இல்லை! போ!"

"பதினொண்ணு" என்று எட்டிப் பார்த்து எண்ணிச் சொன்னது கீரி. "இப்பத்தான் ஒரு பெரிய எலியை முடிச்சேன். வயித்துல இடம் இல்லை. நாளைக்கு வர்றேன். கல்லுக்கு அடியில இருக்கிற சாப்பாடு எங்கே ஓடிடப் போகுது!"

அது சொன்னது உண்மைதான். சாரைக்குக் கை இல்லை, கால் இல்லை. முட்டைகளைத் தூக்கிக்கொண்டு வேறு வீடு பார்க்க முடியாது. சண்டை போடலாம் என்றால் பல்லில் விஷமும் இல்லை. ஏழடி நீளம் இருந்து என்ன பிரயோசனம் என்று சாரை தன்னைத்தானே நொந்துகொண்டது.

அப்போதுதான் அதற்கு மைனாவின் ஞாபகம் வந்தது.

அந்த மாதம் கண்மாய்க் கரை மருத மரத்தடியில் கல்லூரிப் பிள்ளைகள் கூடாரம் போட்டிருந்தார்கள். ஞானசௌந்தரி மேடம் என்பவர் அவர்களுக்குப் பாடம் நடத்தினார். உலகத்தில் உள்ள ஒவ்வொரு உயிருக்கும் புத்தகத்தில் இரண்டு சொல்லில் ஒரு பெயர் இருக்கிறதாம். பெரும்பாலும் கிரேக்கத்திலிருந்தும் லத்தீனிலிருந்தும் எடுத்து வைத்த பெயராம். பலாப்பழத்தைப் பிரிப்பதுபோல அதைப் பிரித்தால் உள்ளே பொருள் இருக்குமாம். கூடாரக் கயிற்றில் உட்கார்ந்து இதையெல்லாம் ஒரு மைனா கேட்டுக்கொண்டிருந்தது. மைனாவுக்கு ஒருமுறை காதில் விழுந்தால் போதும், வாயில் வந்துவிடும். மறுநாளே அது மரக்கிளையில் உட்கார்ந்து எல்லாருக்கும் பெயர் பிரித்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டது.

அன்றிலிருந்து கண்மாயில் யாருக்கும் நிதானம் இல்லை.

காக்கையின் பெயர் கார்வஸ் ஸ்ப்ளெண்டென்ஸ். ஜொலிக்கிற காக்கை என்று பொருள். அதைக் கேட்டதிலிருந்து காக்கை நாளைக்கு மூன்று தரம் குளித்தது. தவளையின் பெயர் ஹோப்லோபட்ராக்கஸ் டைகரினஸ். ஆயுதம் ஏந்திய தவளை, அதுவும் புலி போன்ற தவளை! கேட்டவுடன் அதன் தொண்டை இரண்டு மடங்கு உப்பிவிட்டது. இத்தனை நாளும் நீர்ப்பாசிக்கு அடியில் ஒளிந்து வாழ்ந்த தவளை, நேராக வந்து மடைக்கல்லின் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டது. கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கிறது என்று யாரோ சொன்னதற்கு, "இருக்கட்டுமே! அது எனக்குத் தொந்தரவு கொடுக்காம இருந்தா நானும் கொடுக்க மாட்டேன்" என்றது.

காக்கையை ஜொலிக்க வைத்த பெயர், தவளைக்கு ஆயுதம் கொடுத்த பெயர், எனக்கு ஒரு விஷப்பல்லாவது கொடுக்காதா? இப்படி யோசித்துக்கொண்டே சாரை முட்டைகளை விட்டு இறங்கி மருத மரத்துக்குப் போனது. கீரி அப்போது புதருக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"மைனா, என் பேரைக் கொஞ்சம் பிரிச்சுச் சொல்லு."

மைனா இரண்டு கிளை மேலே தாவி உட்கார்ந்துகொண்டு சொன்னது. "அங்கேயே நில்லுங்கக்கா. உங்க பேரு டையாஸ் மியூகோசா. டையாஸ்னா கிரேக்கத்துல துப்புறவ. விஷத்தைக் கண்ணுல துப்புற பாம்புக்கு அந்தக் காலத்துல அப்படித்தான் பேரு. மியூகோசாங்கிறது லத்தீன். வழவழ கொழகொழன்னு சளி மாதிரி இருக்கிறவ."

சாரைக்கு வந்த கோபத்தில் வால் படபடவென்று அடித்தது. "நான் என்னைக்குத் துப்பினேன்? யார் மேல துப்பினேன்? என் உடம்பைத் தொட்டுப் பாரு, எங்கேயாவது சளி இருக்கா? மழைத்தண்ணி பட்டாக்கூட நிக்காது!"

"என்னைக் கேட்டா? பேரு வெச்சவங்க செத்துப் போயி எத்தனையோ வருஷம் ஆச்சு."

"அநியாயமா இருக்கே!"

"உங்களுக்கு மட்டுமா அநியாயம்?" மைனா குரலைத் தாழ்த்திக்கொண்டது. "என் பேருல முன்பாதி அக்ரிடோதெரஸ். வெட்டுக்கிளி வேட்டைக்காரி. அதை எல்லார்கிட்டேயும் சொல்லியிருக்கேன். பின்பாதி டிரிஸ்டிஸ். அழுமூஞ்சி! நான் அழுது யாராவது பார்த்திருக்கீங்களா? அதை யார்கிட்டேயும் சொல்லிடாதீங்கக்கா. அதைவிட அந்தக் கீரி பேரைக் கேட்டா நீங்க சிரிப்பீங்க."

"கீரி பேரா? என்னது?"

"ஹெர்பெஸ்டிஸ். கிரேக்கத்துல ஊர்ந்து போறவன்னு பொருள். பாம்பு, பல்லியைப் பத்திப் படிக்கிற படிப்பு இருக்கே, ஹெர்பெட்டாலஜி, அதுக்கும் இதே வேர்தான். அது பம்மிப் பம்மிப் போறதைப் பார்த்து வெச்சிருப்பாங்க. அது இன்னும் வந்து கேட்கலை. கேட்டா நான் எப்படிச் சொல்லுவேன்னு பயமா இருக்கு."

சாரை அதை மனதில் போட்டுக்கொண்டு வீடு திரும்பியது. அப்போதைக்கு அதன் எண்ணமெல்லாம் துப்புவதிலேயே இருந்தது. பெயர் அவமானமாக இருந்தால் இருக்கட்டும், முட்டை பிழைத்தால் சரி.

மறுநாள் காலையில் கீரி வந்தது. அன்று அதன் வயிறு காலியாக இருந்தது.

"நில்லு!" என்றது சாரை. "என் பேரு டையாஸ். விஷத்தைக் கண்ணுல துப்புறவள்னு அர்த்தம். ஒரு அடி எடுத்து வெச்சே, இந்த ஜென்மத்துல சூரியனைப் பார்க்க மாட்டே!"

கீரி சற்றுப் பின்வாங்கியது. நல்லபாம்பிடம் அதற்குப் பயமில்லை. கொத்த வந்தால் துள்ளி விலகத் தெரியும். துப்பினால் என்ன செய்வது என்று அதற்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு ஒரு பூவரச இலையைக் கவ்வி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றது.

"துப்புங்க பார்ப்போம்!"

சாரை வாயைத் திறந்தது. உஸ்ஸென்று சீறியது. மறுபடியும் சீறியது. இலையில் ஒரு துளிகூட விழவில்லை.

கீரி இலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தது. "பேருதான் துப்புது அக்கா, நீங்க துப்பலை!"

மடைக்கல்லில் இருந்த தவளையும் வரப்பில் இருந்த காக்கையும் சத்தம் கேட்டு வேடிக்கை பார்க்கத் திரும்பின. கீரி முன்னங்கால்களை நீட்டியது. வயிற்றைத் தரையோடு தாழ்த்தியது. தலையை இடுக்குக்குள் நுழைத்தது. முட்டைகளுக்கும் கீரியின் பல்லுக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது.

அந்த நேரத்தில் சாரை உரக்கச் சொன்னது. "வாடா தம்பி, வா! நம்ம வம்சம்டா நீ! உறவுக்காரன் எப்படி அழகா ஊர்ந்து வர்றான் பாருங்க எல்லாரும்!"

கீரி அப்படியே நின்றது. "என்ன உறவு? யாருக்கு யாரு உறவு?"

"உனக்குத் தெரியாதா? உன் பேரே ஊர்றவன்தான். ஊர்ற எங்களைப் பத்தின படிப்புக்கும் உனக்கும் ஒரே வேரு. உன் பேரு சொன்ன மாதிரியே ஊர்ந்து வா. வெட்கப்படாதே!"

தவளை கல்லின் மேல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. காக்கை, "ஊர்றவனா? கீரியா?" என்று ஊருக்கே கேட்கக் கத்தியது.

கீரி தலையை வெளியே இழுத்துக்கொண்டு மருத மரத்துக்கு ஓடியது. மைனா பொய் சொல்லவில்லை. பயந்து பயந்து உண்மையைச் சொன்னது. கீரி திரும்பி வந்தபோது அதன் ரோமமெல்லாம் சிலிர்த்து நின்றது.

"எல்லாரும் கேட்டுக்குங்க!" என்றது. "நான் பாம்பை அடிக்கிற பரம்பரை. பாம்புக்கு நான் உறவு இல்லை. எனக்கு நாலு கால் இருக்கு. நான் நடப்பேன், ஓடுவேன், தாவுவேன். ஊர மாட்டேன்! இனிமே என் வயிறு தரையில படாது. பட்டா என் மூஞ்சியில துப்புங்க!"

"துப்புறதுக்கு அக்கா இருக்காங்க!" என்றது காக்கை.

சபதம் போட்டுவிட்டுக் கீரி வாசலைப் பார்த்தது. நாலு விரல் உயரம். நிமிர்ந்தபடி நுழைய வழியே இல்லை. கல்லைப் பிறாண்டிப் பார்த்தது. நகம்தான் தேய்ந்தது. சாரை உள்ளே முட்டைகளின் மேல் தலையை வைத்துக்கொண்டு நிம்மதியாக மூச்சு விட்டது.

அதற்குப் பிறகு கீரி நடந்த நடை இருக்கிறதே, அதைப் பார்க்க இரண்டு கண் போதாது. நாலு காலையும் விறைத்துக்கொண்டு, முதுகைத் தூக்கிக்கொண்டு, பொம்மைக் குதிரை மாதிரி கரையில் போனது. யாராவது பார்த்தால் பின்னங்காலில் எழுந்து நின்றுகொண்டது. பம்மாமல் வேட்டை ஆட முடியுமா? எலிகள் அதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு வளைக்குள் போய்விட்டன. சில எலிகள் போவதற்கு முன் வணக்கம்கூட வைத்தன. ஐந்து நாளில் கீரியின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

சாரைக்கும் பசிதான். முட்டைகளை விட்டு நகர அதற்கு மனம் வரவில்லை. தலைக்கு மேலே, கல்லின் விளிம்பில், தவளையின் கொழுத்த கால் தொங்கிக்கொண்டே இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வாயில் எச்சில் ஊறியது. சாரை அதை விழுங்கிக்கொண்டது. இந்தத் தவளை அங்கே உட்கார்ந்திருக்கும்வரை கீரியால் திருட்டுத்தனமாக ஊர முடியாது என்பது அதற்குத் தெரியும். காவலுக்கு ஆளாகவும் சாப்பாடாகவும் ஒருவனையே பயன்படுத்த முடியாதே!

ஏழாம் நாள் உச்சிவெயிலில் கீரி வந்தது. இரண்டு பக்கமும் பார்த்தது. காக்கையைக் காணோம். தவளை தண்ணீருக்குள் முங்கியிருந்தது. கீரி மெல்ல, மிக மெல்ல, முழங்காலை மடக்கியது. வயிற்றைத் தாழ்த்தியது.

தண்ணீரிலிருந்து தவளை தலையைத் தூக்கியது. "ஊர்றான்! ஊர்றான்! எல்லாரும் வாங்க!"

கீரி துள்ளி எழுந்து இரண்டு காலில் நின்றது. "யாரு ஊர்றா? காலுல முள்ளு குத்திருச்சு, குனிஞ்சு பார்த்தேன்!"

"முள்ளு வயித்துலயா குத்துச்சு?" என்று தவளை கேட்டது. கீரி விறைத்துக்கொண்டு போய்விட்டது.

பத்தாம் நாள் விடிந்தது. முட்டைகளின் தோலில் சின்னச் சின்னக் கீறல்கள் விழுந்தன. ஒரு கீறலிலிருந்து ஒரு குட்டித் தலை எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. இன்னும் கொஞ்ச நேரம்தான், வெயில் ஏறுவதற்குள் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று சாரை ஆனந்தத்தில் ஒவ்வொன்றாக நாக்கால் தொட்டுப் பார்த்தது.

அப்போது வெளியே கீரியின் குரல் கேட்டது. பத்து நாளில் அந்தக் குரல் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.

"கேட்டீங்களா சேதி! என் பேரை மாத்திட்டாங்க! ஹெர்பெஸ்டிஸ் பழைய புத்தகத்துல இருந்த பேரு. அது எனக்குப் பொருந்தாதுன்னு ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சு வேற பேரு வெச்சுட்டாங்க. இன்னைக்குக் காலையில அந்த மேடமே பிள்ளைங்ககிட்டே சொன்னாங்களாம். மைனா சொல்லுச்சு. நான் இனிமே ஊர்றவன் இல்லை. அதனால இப்ப ஊர்ந்தா ஒண்ணும் தப்பில்லை!"

குட்டிகளின் தலைதான் வெளியே இருந்தது, உடம்பு இன்னும் தோலுக்குள். பத்து நாள் காத்துக் கடைசி ஒரு மணி நேரத்தில் கைவிட்டுப் போகிறதே என்று சாரைக்கு நெஞ்சு பதறியது. பதற்றத்தைக் குரலில் காட்டாமல் கேட்டது. "ரொம்ப சந்தோஷம் தம்பி. புதுப் பேரு என்னன்னு சொல்லலையே?"

கீரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னது. "உர்வா!"

காக்கையும் தவளையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"என்னது?" என்றது தவளை. "ஊர்வாவா?"

"ஊர்வான்! ஊர்வான்!" என்று காக்கை சிறகடித்துக்கொண்டு கத்தியது. "பழைய பேரு கிரேக்கத்துல ஊர்ந்துச்சு. புதுப் பேரு தமிழ்லயே ஊருது!"

"உர்வா!" கீரிக்கு மூச்சு வாங்கியது. "உ! உ! குறில்! நெடில் இல்லை!"

"குறிலா இருந்தா மெதுவா ஊர்வான், நெடிலா இருந்தா வேகமா ஊர்வான்!" என்றது தவளை.

கீரிக்கு அழுகையே வந்துவிட்டது. வாசல் எதிரேதான் இருந்தது. பத்து நாள் பசியும் வயிற்றில் இருந்தது. குனிந்தால் முடிந்தது. ஆனால் அதற்குக் குனிய முடியவில்லை. "இருங்க! அதுக்கு என்ன பொருள்னு கேட்டுட்டு, மைனாவையே சாட்சிக்குக் கூட்டிட்டு வர்றேன்! அப்புறம் யார் சிரிக்கிறீங்கன்னு பார்க்கிறேன்!" என்று மருத மரத்துக்கு ஓடியது.

மைனா அங்கே இல்லை. தரிசில் வெட்டுக்கிளி பிடிக்கப் போயிருந்தது. கீரி மரத்தடியில் இரண்டு காலில் நின்றுகொண்டு காத்திருந்தது.

மடைக்கு அடியில் குட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒன்று, இரண்டு, ஐந்து, ஒன்பது. கடைசிக் குட்டி சோம்பேறி. சாரை அதை மூக்கால் தள்ளித் தள்ளி வெளியே அனுப்பியது. பதினொன்றும் வாசலில் வழிந்து, புல்லுக்குள் புகுந்து, ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டன. எந்தக் குட்டியும் திரும்பிப் பார்க்கவில்லை. பாம்புக் குட்டிகளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. சாரை கொஞ்ச நேரம் புல் அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு அதற்குப் பசி ஞாபகம் வந்தது.

"தவளையாரே" என்றது.

"என்ன சாரை?" என்றது தவளை, தொண்டையை உப்பிக்கொண்டு.

"பத்து நாளா எனக்குப் பெரிய உதவி பண்ணியிருக்கீங்க. அதனால ஒரு கேள்வி கேட்டுட்டுத்தான் வாயைத் திறக்கப் போறேன். உங்க ஆயுதம் எங்கே?"

தவளை தன் வலது கையைப் பார்த்தது. நாலு விரல் இருந்தது. இடது கையைப் பார்த்தது. அதிலும் நாலு விரல்தான். அவ்வளவுதான், தொபுக்கென்று தண்ணீருக்குள் விழுந்து பாசிக்கு அடியில் போனது. சாரை நன்றாகச் சிரித்துவிட்டு எலி தேடி நாணலுக்குள் புகுந்தது. காக்கையும் அன்றைய இரண்டாவது குளியலுக்குப் போய்விட்டது.

வெயில் உச்சிக்கு வந்தபோதுதான் கீரி மைனாவை இழுத்துக்கொண்டு வந்தது. சாரை நாணலுக்குள் இருந்தபடி பார்த்தது.

"கேளுங்க எல்லாரும்!" என்று கீரி கூவியது. "மைனாவே சொல்லட்டும்! உர்வா கிரேக்கமும் இல்லை, லத்தீனும் இல்லை. வடக்கே மலைநாட்டு ஜனங்க கூப்பிடுற பேரு. அதுல ஊர்றதும் இல்லை, பறக்கிறதும் இல்லை!"

கரையில் யாரும் இல்லை. மடைக்கல் காய்ந்து கிடந்தது. கீரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, முழங்காலை மடக்கி, வயிறு தரையில் தேயத் தேய இடுக்குக்குள் ஊர்ந்து போனது. திரும்பி வந்தபோது அதன் மூக்கில் ஒரு முட்டைத்தோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"எப்ப போனாங்க?" என்று கேட்டது.

"நீ என்கிட்டே பொருள் கேட்டுக்கிட்டிருந்தப்ப" என்றது மைனா.

ஆகவே, தன் பெயரை ஊர் எப்படிச் சொல்லும் என்றே கவலைப்பட்டுக்கொண்டிருப்பவன் கண்ணெதிரே இருக்கும் சாப்பாட்டையும் கோட்டைவிடுவான்.